பசியில்லாமல் கடிக்கும் மீன்

யாங்கோன் விமான நிலையத்தில் என் தூண்டில் கழியை ரேடியோ ஏரியல் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சுங்க அதிகாரி கறுப்பு உறையிலிருந்து நான்கு துண்டுகளையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றில் ஒன்றைச் செருகினால் பதினாலு அடி வரும். ராணுவம் ஆளுகிற நாட்டில், கொட்டுகிற மழையில், பதினாலு அடிக் கழியோடு தனியாக வந்து இறங்குகிற ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை என்ன சொன்னாலும் எடுபடாது. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

“இது எதற்கு?”

“மீன் பிடிக்க.”

“எங்கே?”

“ஸ்காட்லாந்தில்.”

“அப்படியென்றால் இங்கே ஏன் கொண்டுவந்தீர்கள்?”

நியாயமான கேள்விதான். வீசிப் பழகுவதற்கு என்றேன். அவர் இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டார். அதில் ஒருவர் துண்டுகளை இணைத்து, நான் தடுப்பதற்குள் ஒரு வீசு வீசிப் பார்த்துவிட்டார். நுனி, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை உரசிவிட்டு வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நால்வரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். அவர்களாவது சிரித்தார்கள். என் சொந்தக்காரர்கள் யாருக்கும் இந்தக் கழியைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் யாரும் நல்ல பதில் வாங்கிப் போனதில்லை. எங்கள் விடுதி வார்டன் எமிலிக்கு நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கத் தெரியும். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மீன் அது. அதற்குப் புழு மாட்டுவதில்லை. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து தண்ணீரில் வீச வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு துணைக்குப் போகப் போக எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

எமிலி ஓய்வு பெற்றதும் ஸ்காட்லாந்தில் இருக்கிற மகனோடு போய்ச் சேர்ந்தாள். இந்த வருஷம் அங்கே சால்மன் மீன் வருகிற ஓர் ஆற்றில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாரம் தூண்டில் போட இடம் கிடைத்திருப்பதாகவும், செப்டம்பரில் வந்தே தீர வேண்டும் என்றும் சொன்னாள். இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற இந்தப் பெரிய கழியையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். அந்த ஆற்றில் நிற்க ஆட்கள் வருஷக்கணக்காகக் காத்துக் கிடப்பார்களாம். இதை விட்டால் என் வயதுக்கு இன்னொரு தடவை வராது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த ஆகஸ்டில்தான் யாங்கோனிலிருந்து போன் வந்தது. என் அக்கா ருக்மணி படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அறுபதுகளில் எங்கள் குடும்பம் பர்மாவை விட்டுக் கப்பலேறியபோது, அதற்கு முன்பே அங்கே கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டவள் அவள். இரண்டு வாரம் வந்து இருக்கிறேன், செப்டம்பர் என்னுடையது என்று போனிலேயே கறாராகச் சொன்னேன். அக்கா மகன் மணி, “யாபாதே சித்தி, முதல்ல வாங்க” என்றான். யாபாதே என்றால் பர்மியத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். அந்த நாட்டில் எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில்.

மணி, நம்மவர்கள் கடைகள் நிறைந்த பபேடானில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். கடையில் அவன் பர்மியப் பெயரில் கோ மிண், வீட்டில் மணி. அவன் என்னை அழைத்துப்போகக் கொண்டுவந்த டாக்ஸியின் அடிப்பலகையில் ஓர் ஓட்டை இருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீர் அதன் வழியாக என் முழங்கால்வரை தெறித்தது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“காலைத் தூக்கிக்குங்க சித்தி. உங்களுக்குன்னு தனி ரூம் தடுத்தாச்சு. பலகை எல்லாம் புதுசு. ஒரு அலமாரியும் வாங்கிப் போட்டாச்சு” என்றான் மணி.

“ரெண்டு வாரத்துக்கு எதுக்குடா அலமாரி?”

“யாபாதே சித்தி.”

காலைத் தூக்கிக்கொண்டேன். எனக்கு அப்போதே என்னவோ உறுத்தியது.

வீடு நாலாவது மாடியில். இருட்டான, செங்குத்தான படிக்கட்டு. இதில் விழாமல் இத்தனை வருஷம் ஏறி இறங்கியதே பெரிய விஷயம். அக்கா உள்ளறைக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதியாக இளைத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் அழுதாள், நானும் அழுதேன். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அது என்னடி கமலம், கையில நீட்டமா?”

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அதற்காக வாங்கிய வாக்கரில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அக்கா காலைக் கீழே வைக்கவே மறுத்தாள். குளியலறைக்குப் போவதற்கு மட்டும் இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மணியின் மனைவி மா திடா. பர்மியப் பெண், தமிழ் நன்றாகப் புரியும், கொஞ்சம் பேசவும் பேசுவாள். இன்னொரு பக்கம் இனிமேல் நான் என்று ஆயிற்று.

மறுநாள் காலை மணியடிக்கிற சத்தத்தில் விழித்தேன். யாங்கோன் நடுவூர் மாடி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் காகிதம் பிடிக்கிற பெரிய கிளிப், மேல் நுனியில் ஒரு சின்ன மணி. பேப்பர்காரரோ, பலகாரம் விற்கிறவரோ கீழே நின்று கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கிளிப்பில் மாட்டியதை நாம் தூக்கிக்கொள்ளலாம். படியேறுகிற பேச்சே கிடையாது. ஊட்டிக் குளிரில் பால்காரருக்குக் கதவு திறக்க நான் ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டு ஓடிய ஓட்டமெல்லாம் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லையோ.

“அது மூணாவது மாடி மணி” என்றாள் அக்கா, கட்டிலில் படுத்தபடியே. கொஞ்ச நேரம் கழித்து, “இதுதான் நம்மளுது. திடா, மொஹிங்கா வந்தாச்சு பாரு.”

விழுவதற்கு முன் அந்தக் கயிறு அக்காவின் ராஜ்யம். யார் என்ன விற்கிறார்கள், எந்த வீட்டில் என்ன சமையல் என்று பால்கனியில் நின்றே தெருவை நடத்திக்கொண்டிருந்தாள். இப்போது காதால் மட்டும் நடத்தினாள்.

மொஹிங்கா ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பையில் கயிறேறி வந்தது. அரிசி நூடுல்ஸ்மேல் மீன் குழம்பு ஊற்றித் தருவது. நம் குழம்பு மாதிரி மீன் துண்டைத் தேடக் கூடாது. மீனையே கரைத்து விட்டிருப்பார்கள். நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அக்கா என் பயணத்தைப் பற்றி விசாரணை வைத்தாள்.

“சால்மன் ஆத்துக்குள்ள வந்துட்டா எதையும் திங்காதுக்கா. கடல்லயே வயித்தை ரொப்பிக்கிட்டு, முட்டை போடத்தான் ஆத்துக்கு வருது.”

“திங்காத மீன் உன் இறகை ஏண்டி கடிக்குது?”

“கோவத்துல. மூக்குக்கு நேரா திரும்பத் திரும்ப ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஒரு கட்டத்துல எரிச்சல் தாங்காம வந்து கவ்வும். எமிலி அப்படித்தான் சொல்றா.”

“சிவனேன்னு கிடக்கறதை வம்புக்கு இழுக்கப் போறியா? சரி, புடிச்சு?”

“விட்டுடுவோம்.”

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “புடிச்சேன், விட்டுட்டேன்னு வந்து சொன்னா எவடி நம்புவா?”

மா திடா வாயைப் பொத்திக்கொண்டாள். “அகுதோ சித்தி” என்றாள். பாவச்செயல் என்று அர்த்தம். நான் விடவில்லை. நீங்களெல்லாம் கடையில் உயிர்மீன் வாங்கி ஆற்றில் விட்டுப் புண்ணியம் சேர்க்கிறவர்கள்தானே, நானும் விடத்தானே போகிறேன் என்றேன். அவள் யோசித்தாள். “வேற யாரோ புடிச்சதை நாம விட்டா புண்ணியம். நாமே புடிச்சு நாமே விட்டா?” என்று தலையை ஆட்டினாள். கணக்கு டீச்சரான எனக்கே அந்தக் கணக்கு சரியாக வரவில்லை.

மழை விட்ட ஒரு மத்தியானம் கழியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ட்ரவுட் கழியை ஒரு கையால் வீசிப் பழகிய தோளுக்கு இது வேறு உலகம். வலது கை தள்ள வேண்டும், இடது கை இழுக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். கொக்கிக்குப் பதிலாக நுனியில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டியிருந்தேன், யார் கண்ணையும் குத்தக் கூடாதென்று. முதல் நாலைந்து வீச்சு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டது. அதற்கடுத்தது அழகாக விரிந்து நீண்டது. ஆகா என்று நான் நினைப்பதற்குள் காற்று தூக்கி, கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம் தெருவுக்குள் இறக்கிவிட்டது.

இழுத்தேன். மணி அடித்தது. இன்னும் இழுத்தேன். ஆறாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிவரை எல்லா மணிகளும் அடித்தன. என் நூல் எல்லா வீட்டுக் கயிறுகளையும் சேர்த்து வளைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் பால்கனிக்கு வந்து, என்ன விற்கிறது என்று கீழே எட்டிப் பார்த்தார்கள். நான் மேலே நின்று விழித்தேன்.

அப்போது என் கழியில் நூல் சுற்றியிருந்த சுருள் அலறத் தொடங்கியது. பெரிய மீன் கவ்விக்கொண்டு ஓடும்போது சுருள் இப்படித்தான் கத்தும் என்று எமிலி சொல்லியிருந்தாள். ட்ரவுட் பிடித்த இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே பார்த்தால், இரண்டாவது மாடி ஊ டின், வாய் நிறைய வெற்றிலையோடு என் நூலை விறுவிறுவென்று வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். கிளிப்பில் சிவப்பாக ஏதோ வந்திருக்கிறதே என்று இழுத்தாராம். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்ததாம்.

ஊ டின் ஓய்வு பெற்ற தபால்காரர். நூலைக் கையில் சுற்றியபடியே ஐந்து மாடி ஏறி வந்து, மறுமுனையில் என்னைக் கண்டுபிடித்தார். விவரம் கேட்டுவிட்டு, பபேடான் தெருவில் பழகிய தமிழில், “நல்லா இழுக்குது அம்மா. இன்னொரு தரம் போடு” என்றார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் ஆதரவு அதுதான்.

மணிக்கு மட்டும் முகம் செத்துவிட்டது. அந்த வட்டாரத்தை நிர்வகிக்கிற பேட்டை அலுவலகத்தில் அவனைக் கூப்பிட்டு, மாடியில் ரேடியோ கம்பி கட்டுகிற வெளிநாட்டுப் பெண் யார் என்று கேட்டார்களாம். “பாஸ்போர்ட்டைக் குடுங்க சித்தி, காட்டிட்டு வந்துடறேன்” என்றான். தப்பு என்பேரில் இருந்ததால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்காக என் ஏற்பாடுகளை நிறுத்தவில்லை. சால்மனுக்கான கொக்கிகளை எமிலி அனுப்பியிருந்தாள். இறகும் பளபளப்பும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தையில் கோழி உரிக்கிறவரிடம் சேவலின் கழுத்து இறகு கேட்டபோது ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டு, இந்தியாவில் கோழியே கிடையாதா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டார். ஜரிகை நூலுக்குப் பபேடானில் கீழக்கரைக்காரர் ஒருவரின் ஜவுளிக் கடைக்குப் போனேன்.

“என்ன சேலைக்குங்க?”

“சேலைக்கு இல்ல பாய், மீனுக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மீனுக்கு ஜரிகையா? மாப்பிள்ளை மீனாக்கும்!” என்று சிரித்துவிட்டு, நல்ல ஜரிகையாகவே ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். தேநீர் வேறு வரவழைத்தார். முக்காலிகூட இல்லை, பொம்மை நாற்காலி உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆசனம். உட்கார்ந்தால் எழுந்திருக்க என் முழங்கால் கெஞ்சியது. ஸ்காட்லாந்து ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கப் போகிற முழங்கால் இது. தினமும் பத்துத் தடவை அந்த ஆசனத்தில் உட்கார்ந்து எழுந்து பழகுவதென்று அங்கேயே தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்த பெண்கள் கூட்டமாக அக்காவைப் பார்க்க வந்தார்கள். சமோசாவைப் பிய்த்துப் போட்டு, முட்டைக்கோசும் எலுமிச்சையும் பிசைந்த சாலட் எல்லாருக்கும் வந்தது. நான் கட்டிலோரம் உட்கார்ந்து கொக்கியில் இறகு சுற்றிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு அம்மாள் என் தோளைத் தட்டி, “நல்ல காரியம் செஞ்சீங்க. இனிமே இங்கயேதானாமே? மணி சொல்லிச்சு. நீங்களும் தனிக்கட்டைதானே, அங்க போயி என்ன செய்யப் போறீங்க?” என்றாள்.

அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

புது அலமாரியும் பலகைத் தடுப்பும் எதற்கென்று அந்த நிமிஷம் புரிந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கல்யாணமாகாதவளின் நேரம் என்றால் ஊர்ப் பொதுச்சொத்து. யாருக்கு முடியவில்லையோ அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். என் அம்மாவுக்கு முடியாதபோது எடுத்தார்கள், அண்ணி பிரசவத்துக்கு எடுத்தார்கள், போதும். இந்த ஒரு வாரத்தை நான் யாருக்கும் தருவதாக இல்லை.

கடையை மூடிவிட்டு மணி வந்ததும் கூடத்தில் நிறுத்திக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மாவுக்கு உங்களை விட்டா யார் சித்தி? நீங்க வந்தப்புறம்தான் சாப்பிடவே செய்யுது.”

“நீ இருக்கியேடா, பெத்த பிள்ளை. கையைப் புடிச்சு ஒரு நாளாவது நடக்க வச்சியா?”

“கடை இருக்கே சித்தி. அங்க உங்களுக்குன்னு யார் இருக்கா, சொல்லுங்க?”

“அங்க எனக்கு நான் இருக்கேன்டா” என்றேன். குரல் உடைந்துவிட்டது. உடைந்தால் உடையட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

அடுத்த நாள் மா திடாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போனேன். அக்கா பழைய வழக்கப்படி அதைக் கெமண்டைன் என்பாள். பஸ்ஸில் என் கழி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது; ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் முதலில் அதை உள்ளே இழுத்துவிட்டுத்தான் ஆட்களை இறக்கினார். சால்மனுக்கான வீச்சு முறைகளில் ஒன்றைத் தண்ணீரில்தான் பழக முடியும். நூலைத் தண்ணீர் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ள, அந்தப் பிடியை எதிர்த்து வீச வேண்டும்.

ஆறு, பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூடை கூடையாக மீன் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சம்பான் படகுக்காரர் ஒருவர் நுனியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். சிறு வயதில் பேசிய பர்மியம் எனக்குப் பாதிதான் மிச்சமிருக்கிறது. மா திடா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்: “கொக்கி இல்லை, இரை இல்லை. இந்த அம்மா மீனைக் கூப்பிட்டுப் பேசப் போறாங்களாம்.”

பேசிக்கொண்டேதான் இருந்தேன், வாய்விட்டே. தோள் வலிக்க வலிக்க வீசினேன். மத்தியானத்துக்குள் நூல் நேராகப் போய் விழத் தொடங்கியது. படகுக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நல்ல வீச்சுக்கும் ஒரு சத்தம் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கழியை மா திடா பிடித்துக்கொண்டாள். பிறகு, “நீங்க போனா எல்லாம் என் தலையில சித்தி” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை. அவளே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஆனா போங்க. நான்னா போயிருப்பேன்” என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். மணி தலையைச் சொறிந்தான். பேட்டை அலுவலர் ஏதோ சாவுக்குப் பகோ ஊருக்குப் போயிருக்கிறாராம், பாஸ்போர்ட் அவருடைய மேஜைக்குள் இருக்கிறதாம். “யாபாதே சித்தி, அடுத்த வாரமும் விமானம் இருக்கு.” அவன் அதைச் சொன்னபோது அக்காவின் கை மெல்லத் தலையணைக்கடியில் போயிற்று. அங்கேதான் அவளுடைய சாவிக்கொத்து இருக்கும்; பணமும் நகையும் வைக்கிற அலமாரியின் சாவி அதில்.

வகுப்பில் காப்பியடிக்கிற பெண்களை எத்தனை பார்த்திருக்கிறேன்! கை போகிற இடம் காட்டிக்கொடுத்துவிடும். மணி வெளியே போனதும் கட்டில் பக்கத்தில் நின்று, “அக்கா, பாஸ்போர்ட்டைக் குடு” என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். குறட்டை வேறு விட்டாள், பொய்க் குறட்டை. பிடுங்கியிருக்கலாம். இடுப்பில் தகடு வைத்துப் படுத்திருக்கிறவளிடம் போய்ச் சாவியைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆத்திரம் வந்தது, அப்படியொரு ஆத்திரம்.

காலையில் மணி என் கண்ணில் படாமல் கடைக்குப் போய்விட்டான். நான் குளித்து, சேலை கட்டி, பெட்டியை மூடினேன். “வரேன்” என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னேன். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மா திடா பெட்டியையும் நான் கழியையும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாஸ்போர்ட் இல்லாமல் எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். இந்தியத் தூதரக வாசலில் போய் உட்காருவேன், ஒரு வாரமானாலும் உட்காருவேன், ஆனால் அந்தப் பலகைத் தடுப்புக்குள் இன்னொரு நாள் படுக்க மாட்டேன் என்றேன்.

டாக்ஸியும் வந்து நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். கதவைத் திறக்கப்போன என் முகத்துக்கு நேரே அக்காவின் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

மேலே மணி அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தேன். நிறுத்தி, நிறுத்தி, இழுத்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை, அது அவளுடைய மணி, எழுந்து வந்தாலொழிய அது நிற்காது. இரண்டாவது மாடியில் ஊ டின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“யாருடி அது?” என்று உள்ளிருந்து ஒரு குரல் மெலிதாக வந்தது. நான் இழுத்தேன்.

“நிறுத்துடி!” குரல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. இழுத்தேன்.

“கமலம்! மானத்தை வாங்கறியே, நிறுத்துடீ!” இப்போது குரல் கூடத்திலிருந்து வந்தது. மா திடா என் கையைப் பிடித்தாள். “சித்தி, அத்தை தனியா! விழுந்துடுவாங்க!” என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் அவளைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, மற்றக் கையால் இழுத்தேன்.

பால்கனிக் கம்பியில் முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு வாக்கரின் கால். பிறகு அவிழ்ந்த தலைமுடியோடு, முகம் சிவக்க, என் அக்கா.

“தெருவே பாக்குதுடி! உனக்கு வெக்கமா இல்ல?”

“பாஸ்போர்ட்டைக் குடு, போயிடறேன்!”

“தர மாட்டேன்!”

இழுத்தேன். இப்போது மணி அவள் காதோரத்திலேயே அடித்தது. டாக்ஸி டிரைவர் நேரமாகிறதென்று ஹாரன் அடித்தார். அக்கா என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். அப்புறம் உள்ளே போனாள். ரொம்ப நேரம் ஆயிற்று. மா திடா முணுமுணுவென்று பிரார்த்தனை செய்துகொண்டிருந்தாள். வாக்கர் மறுபடி தெரிந்தது. கயிறு மேலே ஏறியது. கிளிப்பில் மஞ்சள் மொஹிங்காப் பையோடு இறங்கி வந்தது. பைக்குள் என் பாஸ்போர்ட் இருந்தது.

பத்து நாளுக்குமேல் அதைப் பூட்டி வைத்து, சாவியின்மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறாள் என் கூடப்பிறந்தவள். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. நன்றி சொல்லவும் தோன்றவில்லை. அண்ணாந்து பார்த்து, “நடந்துட்டக்கா! ரெண்டு தரம் நடந்துட்ட!” என்று கத்தினேன்.

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஊ டின் கை தட்டினார். மூணாவது மாடியிலும் யாரோ தட்டினார்கள். மா திடா நடுத்தெருவில் நின்று அழுதாள்.

“கமலம்!” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “புடிச்சா போட்டோ எடுத்து அனுப்பு! புடிச்சேன், விட்டுட்டேன்னு கதை விடாதே!”

“அனுப்பறேன்!” என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினேன். கழியின் உறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெருமுனை வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.